கூடம் கோணலாகவும் இருக்கலாம்

பணி ஓய்வுக்குப் பிறகு, ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் சிறியதோர் அறக்கட்டளையின் செயலர் பொறுப்பை ஊதியமின்றி ஏற்று நடத்தி வருகிறேன். இரண்டு அறைகள், மூன்று கணினிகள், இரண்டு ஊழியர்கள் - அவ்வளவுதான் எங்கள் அலுவலகம். சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் அங்கு நிகழ்ந்த ஒரு தவறும், அதற்கு நான் வழங்கிய தீர்ப்பும், அந்தத் தீர்ப்பு பொய்த்துப்போன விதமும் இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

ஒரு மாணவிக்கு அனுப்ப வேண்டிய தொகை 12,000 ரூபாய். அவரது வங்கிக் கணக்கில் சேர்ந்ததோ 1,200 ரூபாய். கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய கடைசி நாளில் அவருடைய தந்தை தொலைபேசியில் அழைத்தபோதுதான் எங்களுக்கே விவரம் தெரிந்தது. அதே மாதத்தில் வேறு இரு மாணவர்களின் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டிருந்ததால், வங்கி அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. மூன்று பதிவுகளையும் செய்தவர் ஒருவரே. எங்களிடம் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரியும் பெண் ஊழியர்.

'என்னம்மா இது?' என்று கேட்டேன். 'நான் சரியாத்தான் அடிச்சேன் சார். சில நேரம் எழுத்து விழறதில்லை' என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழிதான் என் நினைவுக்கு வந்தது. கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு எழுத்துபூர்வமாகக் குறிப்பாணை கொடுத்தேன். அந்த ஆண்டு ஊதிய உயர்வையும் நிறுத்தி வைத்தேன்.

கணினி பழுதுபார்ப்பவரையும் அழைக்காமல் இல்லை. அவர் காலையில் வந்தார். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார். கம்பியில்லா விசைப்பலகையின் பேட்டரியை மாற்றினார். பிறகு விசைப்பலகையையே மாற்றி, அதே வகையில் புதிதாக ஒன்றை வைத்தார். அவர் இருந்தவரை எல்லாம் ஒழுங்காகவே இயங்கியது. 'கருவியில் குறை இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனார். என் முடிவு மேலும் உறுதிப்பட்டது.

அதை மாற்றியவர், அகில இந்திய வானொலியில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பர். மாலை நடைப்பயிற்சியில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது, 'எந்த நேரத்தில் எழுத்து விழவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டீரா?' என்றார். நான் கேட்கவில்லை. மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, எழுத்து விடுபடும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், அப்போது அறையில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்பதையும் ஒரு வாரம் குறித்துவைக்கச் சொன்னார்.

வார முடிவில் 17 குறிப்புகள் இருந்தன. அவற்றில் 15, பிற்பகல் மூன்று மணிக்கும் நான்கரை மணிக்கும் இடைப்பட்டவை. அந்த நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் நடப்பது என்ன? அன்றாடக் கணக்குகளின் நகல், வெளியிலிருந்து இணைக்கப்படும் ஹார்டு டிஸ்க்கில் பதிவாகும். பழைய டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று யுஎஸ்பி 3.0 வகையில் புதியதொன்றை ஏப்ரல் மாதத்தில்தான் வாங்கியிருந்தோம். கணினியின் பின்புறத்தில் அந்த டிஸ்க்கின் கம்பி செருகப்பட்டிருந்த துளைக்கு அடுத்த துளையில்தான், கம்பியில்லா விசைப்பலகையின் கட்டைவிரல் நகமளவு ஏற்பி செருகப்பட்டிருந்தது.

நண்பர் செய்த சோதனை மிக எளியது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு நூறு இலக்கங்களை அடிக்கச் சொன்னார், நூறும் விழுந்தன. டிஸ்க்கை இணைத்து, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்க விட்டு மீண்டும் அடிக்கச் சொன்னார்; சில இலக்கங்கள் காணாமல் போயின. பிறகு ஒரு மீட்டர் நீளமுள்ள யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியின் வழியே ஏற்பியை மேசையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே நூறும் விழுந்தன. அந்தக் கம்பியின் விலை 150 ரூபாய்.

இதில் மாயம் ஏதுமில்லை. கம்பியில்லா விசைப்பலகையும் சுட்டியும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசுகின்றன. வைஃபையின் ஒரு பகுதியும், புளூடூத்தும் அதே பட்டையில்தான் இயங்குகின்றன. யுஎஸ்பி 3.0 கம்பியில் தரவு நொடிக்கு 500 கோடி துணுக்குகள் என்ற வேகத்தில் பாய்கிறது. அவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் மின்சாரம், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அகன்ற அதிர்வெண் பரப்பில் வானொலி அலைகளை உமிழும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அந்தப் பரப்புக்குள் அடங்குகிறது. இணைப்பானிலும் கம்பியிலும் உலோக உறை சரியாக மூடப்படாவிட்டால் அந்த அலைகள் வெளியே கசியும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கித் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றை வெளியிட்டது.

கசிவு வலிமையானதன்று. ஆனால், விசைப்பலகை அனுப்பும் குறிப்பும் வலிமையானதன்று. சிறு பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவி அது. திருமண மண்டபத்தில் நாதசுரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காதோடு பேசுவதை ஒத்தது இது. பேசுபவரின் குரல் தாழ்ந்துவிடவில்லை. கேட்பவரின் காதுக்கருகே இரைச்சல் கூடிவிட்டது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் கேட்கும். தொலைவு இரட்டிப்பானால் இரைச்சலின் வலிமை நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும் என்பதுதான் அந்த 150 ரூபாய் கம்பியின் இரகசியம்.

வானொலிக் குறுக்கீடு நமக்குப் புதிதன்று. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் நம் வீட்டுத் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' கோடு கோடாகச் சிதறியதை அறுபதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழல் விளக்கு மினுக்கி எரிய முயலும்போதெல்லாம் மத்திய அலை வானொலி கரகரத்தது. அன்று பாதிக்கப்பட்டவை பாட்டும் செய்தியும். அவற்றின் சிதைவு காதுக்குக் கேட்டது, கண்ணுக்குத் தெரிந்தது. இன்று பாதிக்கப்படுவது தரவு. அதன் சிதைவுக்கு ஓசை இல்லை. ஒரு பூஜ்யம் விழாமல் போனால் அது விழவில்லை என்று எதுவும் கரகரப்பதில்லை.

குறுக்கீட்டின் மூலத்தைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வரலாற்றில் சுவையான சான்றுகள் உண்டு. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் வானொலித் தொலைபேசியில் கேட்ட இரைச்சலுக்குக் காரணம் காணுமாறு, அமெரிக்காவின் பெல் ஆய்வகம் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளரைப் பணித்தது. அருகிலுள்ள இடி, தொலைவிலுள்ள இடி ஆகிய இரண்டையும் கழித்த பிறகும் மெல்லிய சீறல் ஒன்று எஞ்சியது. அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லாமல், 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒருமுறை உச்சம் தொட்டது. அது விண்மீன்களின் நாள் கணக்கு. இரைச்சல் பால்வீதியின் மையத்திலிருந்து வருகிறது என்று 1933இல் அவர் அறிவித்தார். வானொலி வானியல் என்ற துறையே, பொறுமையாக நேரம் குறித்த ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து பிறந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது பதிவான விந்தையான துடிப்புகள் விஞ்ஞானிகளைக் குழப்பிவந்தன. 2015இல் விடை கிடைத்தது. உணவு சூடாகி முடிவதற்குள் யாரோ மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்ததால் வெளிப்பட்ட அலைகள் அவை. வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் என்ற சிற்றூரில் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் இணையம் தடுமாறியது. கம்பிகளையெல்லாம் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, 2020இல், அலைகளை அளக்கும் கருவியோடு விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்த பொறியாளர்கள், ஒரு வீட்டில் காலையில் போடப்படும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிதான் காரணம் என்று கண்டறிந்தனர். வீட்டுக்காரருக்கோ அப்படியொரு தீங்கு தம்மால் நேர்கிறது என்பதே தெரியாது.

இங்குதான் பொருளாதார ஆசிரியனாகிய எனக்கு இந்தப் பிரச்னை நெருக்கமாகிறது. ஒருவரின் செயல் தொடர்பில்லாத மற்றொருவர்மீது சுமத்தும் செலவைப் புறவிளைவு என்கிறோம். 1920இல் வெளிவந்த தம் நூலில் ஆர்தர் பிகு, தீங்கு விளைவிப்பவரிடம் வரி வசூலித்துச் செயலைக் கட்டுப்படுத்தலாம் என்றார். ஆலைப் புகையை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பல்லாண்டுகள் இதை நான் வகுப்பில் கற்பித்திருக்கிறேன்.

இந்தக் கருத்தைப் புரட்டிப் போட்ட ரொனால்டு கோஸ், அதை முதலில் எடுத்துரைத்தது வானொலிக் குறுக்கீட்டை வைத்துத்தான் என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தைப் பற்றி 1959இல் அவர் எழுதிய கட்டுரை, அலைவரிசையை உரிமையாக்கி விற்கலாம் என்று வாதிட்டது. சிகாகோ பொருளியலாளர்கள் அவர் தவறு செய்கிறார் என்று கருதி, ஒரு மாலை விருந்தில் கூடி விவாதித்தனர். விவாதம் முடிந்தபோது அவர்களே மனம் மாறியிருந்தனர். அதன் விளைவாக விரிவாக எழுதப்பட்டதுதான், 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கப் பெருங்காரணமாக இருந்த 'சமூகச் செலவின் பிரச்னை' என்ற 1960ஆம் ஆண்டுக் கட்டுரை. அலைக்கற்றை என்ற சொல்லை ஏலத்தோடும் வழக்கோடும் சேர்த்தே அறிந்திருக்கும் நம் வாசகர்களுக்கு, அந்த ஏலத்தின் கருத்து மூலம் இதுவே என்பது நினைவிருக்கட்டும்.

கோஸ் கூறியது இதுதான்: தீங்கு என்பது இருபக்கம் கொண்டது. அவர் எடுத்தாண்ட 1879ஆம் ஆண்டு லண்டன் வழக்கொன்றில், இனிப்பு செய்பவர் பல்லாண்டுகளாக உரலில் இடித்துவந்தார். அடுத்த வீட்டுக்கு வந்த மருத்துவர், அந்தச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறையைக் கட்டினார். அதன் பிறகே இடிக்கும் ஓசை 'தீங்கு' ஆயிற்று. நீதிமன்றம் மருத்துவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கோஸ் எழுப்பிய கேள்வி வேறு: யார் குற்றவாளி என்பதைவிட, யார் விலகினால் செலவு குறைவு? எங்கள் மேசையில் ஹார்டு டிஸ்க் குற்றவாளியன்று, ஏற்பியும் குற்றவாளியன்று. இரண்டும் ஒரே சுவரை ஒட்டி அமர்ந்ததே குற்றம். மலிவாக விலகக்கூடியது ஏற்பி, விலக்கினோம்.

ஆனால், கோஸின் தேற்றம் மாற்றச் செலவுகள் இல்லாத உலகில்தான் முழுமையாகப் பொருந்தும் என்பதையும் அவரே வலியுறுத்தியிருக்கிறார். குறுக்கீட்டில் அந்தச் செலவுகளிலேயே பெரியது தேடும் செலவு. மருத்துவருக்கு உரலின் ஓசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எங்கள் ஊழியருக்கு ஓசையே கேட்கவில்லை. தீர்வுக்கு 150 ரூபாய். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரக் கவனிப்பும், அறிந்த ஒருவரின் உதவியும். அந்தத் தேடலை மேற்கொள்ளாத நிறுவனத்தில் செலவு மறைந்துவிடுவதில்லை. அது கருவிக்கு மிக அருகில் அமர்ந்திருப்பவரின் தலையில், அதாவது பேச உரிமை குறைந்தவரின் தலையில், இறங்குகிறது. என் அலுவலகத்தில் அது ஊதிய உயர்வு இழப்பாக இறங்கியது. ஒரு மாணவியின் கட்டணத் தவணையிலும் இறங்கியது.

சட்டம் நம்மைக் காக்காதா என்று கேட்கலாம். ஓரளவு காக்கிறது. வானொலிக் குறுக்கீட்டுக்கான பன்னாட்டுச் சிறப்புக் குழு 1934 முதல் இயங்கிவருகிறது. கணினி போன்ற கருவிகள் எவ்வளவு உமிழலாம் என்பதற்கு அமெரிக்கா 1979இல் விதி வகுத்தது. வீடுகளுக்கு ஒரு வகுப்பு, தொழில், அலுவலகச் சூழலுக்கு அதைவிடத் தளர்வான வேறொரு வகுப்பு. ஐரோப்பாவில் மின்காந்த இணக்கம் 1996 முதல் கட்டாயம். ஆனால், இந்த உமிழ்வு வரம்புகள் மூன்று மீட்டர், பத்து மீட்டர் தொலைவில் அளக்கப்படுபவை. பக்கத்து அறையின் வானொலியையும் பக்கத்து வீட்டின் தொலைக்காட்சியையும் காப்பதே அவற்றின் நோக்கம். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் ஏற்பியைக் காப்பது அன்று. எனவே, இரண்டு கருவிகளும் சட்டத்துக்கு உட்பட்டவையாக இருந்துகொண்டே ஒன்றையொன்று கெடுக்க முடியும்.

இந்தியாவில் நிலைமை மேலும் தளர்வானது. 2012இல் அறிமுகமான கட்டாயப் பதிவு முறைப்படி கணினிகளும் மின்னேற்றிகளும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவாக வேண்டும். அந்தத் தரத்தின் கவனம் மின்னதிர்ச்சி, தீ போன்ற பாதுகாப்புகள்மீதே குவிந்திருக்கிறது. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு 2019 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட சோதனையில்தான் மின்காந்தக் குறுக்கீடும் இடம்பெறுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை மத்திய அரசு 2005 ஜனவரியில் உரிமத் தேவையிலிருந்து விடுவித்தது. அதன் நிபந்தனை கவனிக்கத்தக்கது: பிறருக்குத் தொந்தரவு செய்யக்கூடாது, பிறரால் நேரும் தொந்தரவிலிருந்து பாதுகாப்பும் கோரக்கூடாது. வேலியில்லாத ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் போன்றது அது. யாரும் வரலாம், யாரும் முறையிட முடியாது. பொது நிலத்தை அழிவிலிருந்து காப்பது, அதைப் பயன்படுத்துவோர் தமக்குள் வகுத்துக்கொள்ளும் ஒழுங்குமுறையே என்று எலினார் ஆஸ்ட்ரம் காட்டினார். ஓர் அலுவலக அறைக்கும் அது பொருந்தும்.

அந்த ஒழுங்குமுறை எப்படி இருக்க வேண்டும்? நண்பரிடம் நான் கற்றதைச் சுருக்கித் தருகிறேன். குறுக்கீட்டுக்கு மூன்று உறுப்புகள் உண்டு: இரைவது, இரைச்சல் வரும் வழி, இரைச்சலால் கெடுவது. மூன்றில் ஒன்றை நீக்கினாலும் போதும்.

முதலில் எளிய காரணங்களைக் கழிக்க வேண்டும். பேட்டரி தீர்ந்திருக்கலாம், விசை தேய்ந்திருக்கலாம், கம்பி தளர்ந்திருக்கலாம். எல்லாப் பழுதுக்கும் அலைகளைக் காரணமாகச் சொல்வதும் தவறு. அவற்றுக்குப் பிறகும் பழுது விட்டுவிட்டு வந்தால், நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். எந்த நேரம், எந்தக் கருவி, அப்போது வேறு எது ஓடியது என்ற மூன்றும் போதும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வரும் பழுது, அந்த நேரத்தில் மட்டும் ஓடும் ஒரு கருவியைச் சுட்டும்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அறையில் உள்ள கருவிகளில் பாதியை நிறுத்துங்கள். பழுது நின்றால், காரணம் நிறுத்திய பாதியில் இருக்கிறது. அதையும் பாதியாகப் பிரியுங்கள். பதினாறு கருவிகள் இருந்தாலும் நான்கு சுற்றுகளில் காரணத்தை நெருங்கிவிடலாம். பழுதுபார்ப்பவர்கள் அவசரத்தில் நான்கை ஒன்றாக மாற்றுவார்கள். அப்படிச் செய்தால் பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வரும்.

மூன்றாவதாக, வழியைக் காண வேண்டும். இரைச்சல் காற்றின் வழியாகவும் வரலாம். மின்கம்பியின் வழியாகவும் வரலாம். மடிக்கணினியாக இருந்தால் மின்னேற்றியைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். பழுது அப்போது மறைந்தால், மின்னேற்றியையோ மின்கம்பியையோ சந்தேகிக்க வேண்டும். மலிவான எல்இடி விளக்கு, தரமற்ற மின்னேற்றி, யுபிஎஸ் ஆகியவற்றின் இரைச்சலைக் கண்டுபிடிக்க, மத்திய அலை வானொலிப் பெட்டி ஒன்று போதும். நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி ஒவ்வொரு கருவிக்கும் அருகில் கொண்டுபோனால், இரையும் கருவி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஆனால், 2.4 கிகாஹெர்ட்ஸ் இரைச்சலை அந்த வானொலி உணராது. அதற்கு, கருவிகளை இடம் மாற்றிப் பார்ப்பதே வழி.

தீர்வுகளில் பெரும்பாலானவை செலவற்றவை. ஏற்பியை யுஎஸ்பி 3.0 துளையிலிருந்தும் அதன் கம்பியிலிருந்தும் தள்ளி வைக்கலாம். ரவுட்டரும் கணினியும் இடமளித்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றலாம். வலைப்பின்னல் கம்பியையும் மின்கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டாமல் பிரித்து, கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கவிடலாம். சில கம்பிகளின் முனையில் உருளை வடிவில் ஒரு புடைப்பைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வைத்தது அன்று. உள்ளே இருக்கும் ஃபெரைட், கம்பிவழி ஓடும் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கிறது. பணத்தொகையும் கணக்கு எண்ணும் பதிவாகும் கணினியில் கம்பியுள்ள விசைப்பலகையே சிறந்தது. எங்கள் அலுவலகத்திலும் இப்போது அதுதான் இருக்கிறது.

தரையிணைப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் கட்டடங்கள் பலவற்றில் மூன்று முனைச் செருகி இருக்கும்; சுவருக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது. கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் இலேசாகச் சுருக்கென்று உணர்வது அதனால்தான். கணினியின் மின்வழங்கியில் உள்ள வடிகட்டி, இரைச்சலின் ஒரு பகுதியை எர்த் கம்பிவழியே தரைக்கு அனுப்புமாறு அமைக்கப்பட்டது. அந்த வழி இல்லாவிட்டால் இரைச்சல் பெட்டியிலும் கம்பிகளிலும் தங்கிவிடும். எர்த் என்பது உயிர்காப்பு ஏற்பாடு. அதோடு இரைச்சலுக்கான வடிகாலும்கூட. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அதைச் சரிபார்ப்பதே அலுவலகத்தின் முதல் செலவாக இருக்க வேண்டும்.

அரசும் செய்ய வேண்டியவை உண்டு. அரசு அலுவலகங்களும் வங்கிகளும் பள்ளிகளும் ஆயிரக்கணக்கில் கருவிகளை வாங்குகின்றன. அந்தக் கொள்முதல் நிபந்தனைகளில் மின்காந்த இணக்கச் சான்று ஒரு வரியாக இடம்பெற்றால், உற்பத்தியாளர்கள் உலோக உறையிலும் வடிகட்டியிலும் மிச்சம்பிடிக்கும் வழக்கம் குறையும். இத்தகைய சோதனைகளைச் செய்யும் ஆய்வகம் நம் சென்னையிலேயே, மத்திய அரசின் 'சமீர்' நிறுவனத்தில் இருக்கிறது. கம்பியில்லாக் கருவிகளின் உறையில், யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து தள்ளிச் செருகவும் என்ற ஒரு வரியைத் தமிழில் அச்சிட எவ்வளவு செலவாகும்? செலவு மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் தகவலைத் தருவதே பொருளாதாரத்தின் பாலபாடம்.

எல்லாவற்றுக்கும் மேலாக மாற வேண்டியது மேலாளர்களின் மனப்போக்கு. பிரிட்டனில் அஞ்சலக நிறுவனத்தின் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருளில் இருந்த பிழைகளால் பணம் குறைவதாகக் காட்டியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சல் நிலைய அலுவலர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டனர். எங்கள் கணக்கு சரி, கணினிதான் தவறு என்று அவர்கள் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. 2024இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அந்தத் தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. அங்கே நடந்தது மென்பொருள் பிழை. வானொலிக் குறுக்கீடு அன்று. ஆனால், இயந்திரம் பொய் சொல்லாது, மனிதர்தான் சொல்வார் என்ற நம்பிக்கை ஒன்றே. அதே நம்பிக்கையில்தான் நானும் என் சிறிய அலுவலகத்தில் கையெழுத்திட்டேன்.

சரியாகச் சொன்னால், என் தவறு இரட்டிப்பானது. 1,200 ரூபாய் என்றிருந்த பட்டியலை வங்கிக்கு அனுப்ப ஒப்புதல் அளித்தவன் நான். நான் பட்டியலைப் படித்திருந்தால் அது வங்கிக்கே போயிருக்காது. அடித்தவரிடம் விளக்கம் கேட்ட நான், ஒப்பமிட்டவரிடம் விளக்கம் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு பட்டியலையும் மற்றோர் ஊழியர் மூல விண்ணப்பத்தோடு ஒப்பிட்ட பிறகே அது என்னிடம் வருகிறது. குறுக்கீடு என்றைக்காவது திரும்பி வந்தாலும், மாணவரின் கணக்குவரை அது போகாது.

குறிப்பாணையைத் திரும்பப் பெற்றேன். காரணத்தையும் கோப்பில் எழுதி வைத்தேன். நிறுத்திவைத்த ஊதிய உயர்வை நிலுவையோடு வழங்கினோம். மாணவிக்கு மீதித் தொகை போய்ச் சேர்ந்தது. தாமதக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்றது. அந்த ஊழியரிடம் வருத்தம் தெரிவித்தபோது, 'பரவாயில்லை சார். ஆனா அன்னிக்கே ஒரு தடவை பக்கத்துல நின்னு பார்த்திருக்கலாம்' என்றார். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பில் புறவிளைவைப் பற்றிப் பேசிய எனக்கு அந்த ஒரு வரிக்குப் பதில் இல்லை.

உங்கள் அலுவலகத்திலும் எழுத்து விழவில்லை, இணையம் நிற்கிறது, இயந்திரம் தடுமாறுகிறது என்று யாராவது சொன்னால், குறிப்பாணைத் தாளை எடுக்குமுன் அவர் பக்கத்தில் ஒரு பிற்பகல் நின்று பாருங்கள். ஆடத் தெரியாதவர்கள் உண்டு. கோணலான கூடங்களும் உண்டு.